எட்டு ஜூல்

தமயந்தியும் கவியரசனும் அந்த ஆய்வு நிறுவனத்தில் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். அவள் ஆரணி, அவன் குடியாத்தம். லேசர் ஒளி பட்டு மெல்லிய தகடு பிளாஸ்மாவாகி, புரோட்டான்கள் தெறித்து ஓடுவதைக் கணினியில் சிமுலேஷனாக ஓட்டிப் பார்ப்பது இருவருக்கும் வேலை. அவன் முந்திக்கொண்டு பட்டம் வாங்கி ஸ்வீடனுக்கு வேலைக்குப் போனான். போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். ஊரை விட்டு வந்து பொம்மனஹள்ளி வாடகை அறையில் தனியாக இருந்தவளுக்கு மனம்விட்டுப் பேச அது ஒன்றுதான்.

போகுமுன் அவன் வெளியிட்டிருந்த ஆய்வுக் கட்டுரை விட்ட இடத்திலிருந்து இவள் தொடர வேண்டும். அவன் கொடுத்திருந்த அளவுகளையே வைத்து ஓட்டினாள். லேசர் துடிப்பு முழுதும் உள்ளே நுழைந்ததும் அதன் ஆற்றலைக் கட்டம் கட்டமாகக் கூட்டிப் பார்த்தாள். நிஜமாகச் சோதனை நடத்தும் ஆய்வகத்து லேசர் தருவது இரண்டு ஜூல். கணினி எட்டு என்றது.

முதலில் தன்னைத்தான் சந்தேகித்தாள். சிமுலேஷனை ஓட்டும் நிரலுக்கு மைக்ரான் கணக்கு தெரியாது. அலைநீளத்தை 2π-யால், அதாவது 'டூ பை'யால் வகுத்து, அதையே ஓர் அலகாக வைத்துக்கொள்ளும். அலகு மாற்றும்போது எங்கோ இடறியிருப்போம் என்று காகிதத்தில் முதலிலிருந்து போட்டாள். தப்பில்லை. பிறகு ஆய்வகத்தார் தந்த அளவுகளோடு ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது. லேசர் புள்ளிக்கு அவர்கள் கொடுத்தது விட்டம். நிரல் கேட்பது ஆரம். கவியரசன் விட்டத்தை அப்படியே போட்டிருந்தான். பரப்பு நான்கு மடங்கு, ஆற்றலும் நான்கு மடங்கு. திருத்தி ஓட்டியதும், அவன் கட்டுரை பெருமையாகச் சொன்ன புரோட்டான் ஆற்றல் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

அவனுக்கே ஃபோன் செய்து, எட்டு வருவதைச் சொன்னாள்.

"ரெண்டுதான் வரணும் தமா. நீ எங்கயோ டூ பைய விட்டுருப்ப."

"விடல கவி. ஆரம் கேக்கற எடத்துல நீ விட்டத்தப் போட்டிருக்க."



"யார்கிட்ட சொன்ன?"

"உன்கிட்டதான் மொதல்ல."

"அந்தப் பேப்பர காட்டித்தான் இந்த வேலைய வாங்கினேன். தெரியும்ல?"

"தெரியும்."

"சரி, பாக்கறேன்" என்று வைத்துவிட்டான்.

அந்த ஞாயிறு அவன் கூப்பிடவில்லை. திங்களன்று பேராசிரியை அம்ருதா, "நெக்ஸ்ட் ரன் எப்போ?" என்று கேட்டார். பழைய அளவிலேயே ஓட்டிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தமயந்தி, "எனர்ஜி ஒத்து வரல மேடம். கொஞ்சம் டைம் குடுங்க" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. அவன் வாயாலேயே வரட்டும் என்று காத்திருந்தாள்.

வந்தது. கட்டுரை வெளியான ஆய்விதழுக்கு அவன் அனுப்பிய திருத்தத்தின் நகல் எல்லோருக்கும் வந்தது. பிழையைக் கண்டுபிடித்தவள் இவள் என்று பெயர் சொல்லி எழுதியிருந்தான். அம்ருதா கூட்டத்தில் பாராட்டினார். பக்கத்து மேசை ஷில்பா கை குலுக்கினாள். தமயந்தி சிரித்துவைத்தாள். தனியாக அவளுக்கென்று அவன் ஒரு வரிகூட எழுதவில்லை.

இரண்டு ஞாயிறு பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே கூப்பிட்டாள்.

"நீ செஞ்சது சரிதான் தமா," என்றான். "கோவம் இல்ல. ஆனா உன்கிட்ட இப்ப பேச வரல எனக்கு. கொஞ்ச நாள் விடு."

"வேலை?"

"இருக்கு. எப்பிடி முடியும்னு தெரியல."

"சாப்டியா?" என்று கேட்டாள். அவன் வைத்துவிட்டிருந்தான்.

மாடியில் துணி காய்ந்திருந்தது. எடுத்து வந்து ஒவ்வொன்றாக மடித்தாள். கீழ்வீட்டில் யாரோ விருந்தாளிகள், ஒரே சிரிப்பு. மடித்து முடித்தும் சாயங்காலம் நிறைய மிச்சமிருந்தது.