லைன் வீட்டுக் கிணறு

மூன்றாவது வீட்டில் யாரோ இரும்புப் பெட்டியைத் தரையோடு இழுத்தார்கள். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் சகாயம்மாள் ஜெபமாலையை நடுவில் நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

எதிரே பெஞ்சின் மேல் அவள் புருஷன் செபஸ்தியான் கிடந்தார். தலையில் ஆஸ்பத்திரியில் சுற்றிவிட்ட கட்டு அப்படியே இருந்தது. மார்பின் மேல் சிலுவையோடு கூடிய பாடுபட்ட சுரூபம், தலைமாட்டில் மெழுகுவத்தி. சுற்றிலும் உட்கார்ந்திருந்த கோயில் தெருப் பெண்கள் ஜெபத்தை விடாமல் முனகிக்கொண்டிருந்தார்கள்.

"மேரி, அது ராசு ஊட்லதான?" என்று மகளிடம் மெதுவாகக் கேட்டாள் சகாயம்மாள்.

ஞானமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா கிணற்றில் விழுந்து இன்னும் முழுசாக ஒரு நாள் ஆகவில்லை. இந்த அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. போலீஸ்காரர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், ஆஸ்பத்திரியில் நீட்டிய இடத்தில் ரேகை வைத்தாள், உடம்பு வீட்டுக்கு வந்ததும் பெஞ்சைத் துடைத்துப் போட்டாள். இப்போது குடியிருக்கிறவன் பெட்டியை நகர்த்துவது கேட்கிறதாம்.

"இப்ப அதா முக்கியம்?"

"அதும் முக்கியந்தான் கண்ணு." சகாயம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து வெளியே போனாள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவமானம் தாங்காமல் ஞானமேரியும் பின்னாலேயே எழுந்து போனாள்.

சேலத்துக்கு வெளியே, வெயில் தவிர வேறொன்றும் தாராளமாகக் கிடைக்காத அந்த இடத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஐந்து ஓட்டு வீடுகள். மில்லில் பஞ்சு எடை போட்டே முதுகு வளைந்த செபஸ்தியான், வேலையை விட்டபோது கிடைத்த பணம் முழுவதையும் கொட்டி அதை வாங்கினார். முதல் வீட்டில் இவர்கள், மற்ற நாலிலும் குடித்தனக்காரர்கள். வீட்டுக்காரர் என்று பேர்தானே தவிர, அந்த லைனுக்குச் சம்பளமில்லாத வேலைக்காரர் அவர்தான். மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவது, பொங்கலுக்கு வெள்ளையடிப்பது, கூரைக் கைமரத்தைத் தட்டிப் பார்த்துக் கரையானுக்கு மருந்து வைப்பது, சாக்கடை குத்துவது எல்லாம் அவர் கையால்தான். ஆள் விட்டால் ஆகாதா என்று கேட்டால், ஆளுக்குக் கூலி கொடுத்தால் வாடகையில் என்ன மிஞ்சும் என்று கேட்பார்.

புதிதாக வீடு வாங்கியவன் எவனாவது அகப்பட்டால் போதும், அவனை உட்காரவைத்து அவர் பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவார். ஒழுகுகிற வீட்டுக்கு வாடகை கேட்கப் போகாதே, வாயில் வார்த்தை வராது. ரெண்டாம் தடவை சொல்ல வைக்காதே. காலி வீட்டை வெள்ளையடிக்காமல் காட்டாதே. எல்லாவற்றையும் விட, தண்ணீரை மட்டும் விட்டுவிடாதே. சுவர் விரிசலைப் பொறுத்துக்கொள்கிறவன்கூடக் கிணறு நாறினால் ஒரு வாரம் இருக்கமாட்டான். கேட்பவன் கொட்டாவி விட்டாலும் அவர் நிறுத்தமாட்டார்.

குடியிருப்பவர்கள் கை படுகிற எதையும் அவர் நாளைக்கு என்று தள்ளியதில்லை. ஆனால் கிணற்றுச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த படிக்கற்கள் அவர் கால் மட்டும் படுகிற இடம். மேலே ஒரு கல் ஆடுகிறது என்று போன கோடையிலேயே சொன்னார். "நாந்தான எறங்கறேன், பாத்துக்கலாம்" என்று விட்டுவிட்டார். இந்த வருஷம் தண்ணீரில் சேற்று வாடை அடிக்கிறது என்று மயிலம்மாள் சொன்ன மறுநாள் காலையிலேயே தூர் வார மண்வெட்டியோடு இறங்கினார். கல் பெயர்ந்துகொண்டது. இப்படியும் ஒரு மனிதர் உண்டா என்று நினைக்க நினைக்க ஞானமேரிக்கு அவர் மேலேயே கோபம் கோபமாக வந்தது.

மூன்றாவது வீட்டில் மயிலம்மாள் பாத்திரங்களைச் சாக்குக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ராசு, தறி நெய்கிறவன், பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவன் இவர்களைக் கண்டதும் எழுந்து சுவரோரம் ஒதுங்கினான்.

"ஏம்மிணி, சாமானெல்லாங் கட்டறாப்பல இருக்குது?"

மயிலம்மாளுக்கு அழுகை பொங்கிவிட்டது. அதில் பொய் இல்லை. "தப்பா நெனைக்காதீங்கம்மா. ஐயா மாதிரி ஊட்டுக்காரரு எங்களுக்கு எந்த ஊர்லீங்க கெடைப்பாங்க? ஆனா தண்ணிக்கு என்னங்க பண்றது? அந்தக் கெணத்துத் தண்ணிய எப்புடீங்க வாயில வெக்கறது? சொந்த ஊரு மல்லசமுத்திரத்துக்கே போயரலாம்ங்கறாரு இவரு. காளியண்ணனுங்கூட ஊடு பாக்கறாப்பலீங்க."

காளியண்ணன் நாலாவது வீட்டு லாரி டிரைவர். அவன் கிளம்பினால் அவனைப் பார்த்து அடுத்தவனும் கிளம்புவான்.

"பொழுது உளுகற வரைக்கும் பொறு," என்றாள் சகாயம்மாள். "கெணத்த ஒட்ட எறச்சர்றேன். புதுத் தண்ணி ஊறட்டும். அப்பறமும் மனசு ஒப்பலீன்னா போ. நாந் தடுக்கமாட்டேன்."

"எறச்சாப் போதுங்களா?" மயிலம்மாள் கதவோரம் நின்ற தன் சின்னப் பிள்ளையை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். "துர்ச்சாவுங்க. கொளந்தைங்க பொளங்கற எடம்."

நேற்று வரைக்கும் ஐயா என்று வாய் நிறையக் கூப்பிட்ட மனிதர் இன்றைக்குத் துர்ச்சாவாகிவிட்டார். மயிலம்மாள் சாக்கை அவிழ்க்கவில்லை, மேற்கொண்டு எதையும் அதில் போடவும் இல்லை.

வெளியே வந்ததும் ஞானமேரி அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அந்தத் தண்ணியவா குடிக்கச் சொல்றே? அப்பா கெடந்த தண்ணியவா?"

"மெதுவாப் பேசு."

"நீயெல்லாம் மனுசிதானா?"

சகாயம்மாள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "இவங்க நாலு பேரும் இன்னிக்குப் போனாங்கன்னா அப்பறம் இந்த லைனுக்கு ஒரு ஈ, காக்கா வராது. சாவுக் கெணறுன்னு பேரு உளுந்துரும். ஒங்கப்பாவுக்கு ஆம்பளப் புள்ளை இருக்குதா, தோட்டந்தொரவு இருக்குதா? இதை விட்டா நீயும் நானும் எங்க போயி நிப்போம்?" கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். "உள்ள போயி அவரு கிட்ட உக்காரு. ஈ மொய்க்கும்."

கோயிலிலிருந்து தூம்பா வந்தது. ஊரில் செத்தவர்களை எல்லாம் சுமந்து சுமந்து கைப்பிடி வழவழத்துப்போன அந்தப் பொதுப் பெட்டியில் செபஸ்தியானை வைத்துத் தூக்கினார்கள். குடித்தனக்காரர்களும் கூட நடந்தார்கள். காளியண்ணன் வழி முழுவதும் தோள் கொடுத்தான், அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கல்லறையில் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். ஞானமேரி அழுது அழுது குரல் போய் நின்றாள். அம்மா தன் பிடி மண்ணைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு, அங்கேயே, குழி மூடுவதற்குள், காளியண்ணனை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு ஆயில் என்ஜின் வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தாள். அந்த நிமிஷத்தில் ஞானமேரி அவளை மனசார வெறுத்தாள்.

பங்குச் சாமியாரிடமும் போய் நின்றாள் சகாயம்மாள். "சாமி, கெணத்துக்குத் தெளிக்கக் கொஞ்சம் தீர்த்தம் வேணுமுங்க." அவர் ஒரு சீசாவில் ஊற்றிக் கொடுத்தார்.

மத்தியானம் என்ஜின் வந்தது. பட்பட்டென்று அது அலறிய அலறலில் துக்கம் கேட்க வந்தவர்கள் ஒருவரோடொருவர் பேச முடியாமல் சீக்கிரமே எழுந்து போனார்கள். தண்ணீர் குழாய் வழியாகச் சந்துக்குப் பாய்ந்து, சாக்கடையில் இறங்கி, அதற்கும் அப்பால் காய்ந்து கிடந்த காட்டுக்குள் போயிற்று. ஒரு குடத்துக்குப் பெண்கள் அடித்துக்கொள்கிற கோடையில் அத்தனை தண்ணீர் வீணாகப் போவதை யாரும் தடுக்கவில்லை. ஓடுகிற தண்ணீரில் கால் படாமல் எல்லாரும் தாண்டித் தாண்டி நடந்தார்கள்.

என்ஜின் நின்றதும் ஞானமேரி எட்டிப் பார்த்தாள். அடியில் கறுப்புச் சேறு. அதில் பெயர்ந்து விழுந்த கல் ஒன்று சாய்ந்து கிடந்தது, பக்கத்தில் மண்வெட்டிக் காம்பு நீட்டிக்கொண்டிருந்தது. தூர் வாரப் போனவர் ஒரு கூடைச் சேறுகூட அள்ளவில்லை. மேற்கொண்டு பார்க்க மாட்டாமல் திரும்பிவிட்டாள். கீழே இறங்கி அதையெல்லாம் எடுக்க எந்த ஆளும் வரவில்லை. சகாயம்மாளும் வற்புறுத்தவில்லை.

பொழுது சாயும்போது ஊற்றுக் கண் திறந்து வாளி முங்குகிற அளவுக்குத் தண்ணீர் சேர்ந்து தெளிந்திருந்தது. சகாயம்மாள் தீர்த்தத்தை உள்ளே ஊற்றிச் சிலுவை போட்டுக்கொண்டாள். நாலு வீட்டுப் பெண்களும் கொஞ்சம் தள்ளிச் சும்மா நிற்பது போல நின்றார்கள். ஒருத்தி இடுப்பிலும் குடம் இல்லை. ராசு வீட்டு வாசலில் பெட்டி கயிறு கட்டியபடி இருந்தது.

சகாயம்மாள் வாளியை விட்டுத் தண்ணீர் சேந்தினாள். செம்பில் நிரப்பி அண்ணாந்து குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குது," என்றாள், சந்தையில் புளி பார்த்தவள் மாதிரி.

ஒருவரும் அசையவில்லை. மயிலம்மாளின் பார்வை மெதுவாக ஞானமேரியிடம் வந்தது.

"பாப்பா குடிக்குமுங்களா?"

குத்திக் கேட்கவில்லை. பிள்ளை பெற்றவள் கேட்கிற கேள்விதான். வயசானவள் வயிற்றுப்பாட்டுக்காக எதையும் குடித்துவிடுவாள். வயசுக்கு வந்த மகளுக்கும் கொடுப்பாளா என்பதுதான் அவர்களுக்குத் தெரியவேண்டும்.

சகாயம்மாள் குடி என்று சொல்லவில்லை. செம்பை மறுபடி நிரப்பி, மகள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். அவள் கை நடுங்கியது. நேற்றிலிருந்து எதற்கும் நடுங்காத கை. தண்ணீர் விளிம்பு வழிந்து மணிக்கட்டில் இறங்கியது.

செம்பைப் பிடுங்கிக் கிணற்றுக்குள் எறிய வேண்டும் போலத்தான் இருந்தது ஞானமேரிக்கு. அந்தக் கையைப் பார்த்துவிட்டாள், அதற்குமேல் முடியவில்லை. வாங்கிக்கொண்டாள். கண்ணை இறுக மூடி அண்ணாந்து ஊற்றினாள். குமட்டும், தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று பயந்துகொண்டுதான் ஊற்றினாள். ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் சில்லென்று இருந்தது. லேசான மண் வாசனை, அதற்கடியில் எப்போதும் உள்ள இனிப்பு. நேற்று மத்தியானம் யாரோ ஊற்றிக் கொடுத்த காப்பியோடு சரி, அதற்குப் பிறகு எதுவும் இறங்காமல் கல்லறை வெயிலில் காய்ந்த உடம்பு, மடக் மடக்கென்று அத்தனையையும் வாங்கிக்கொண்டது. முடிந்த பிறகும் இன்னொரு செம்பு கேட்டது. அதை நினைத்துத்தான் அவளுக்கு வாய்விட்டு அலறத் தோன்றியது.

மயிலம்மாள் வீட்டுக்குள் போய்க் குடத்தோடு வந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். சகாயம்மாள் வாளிக் கயிற்றை மயிலம்மாள் கையில் கொடுத்துவிட்டு, முதல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஞானமேரி காலிச் செம்போடு கிணற்றோரமே நின்றாள்.

"செத்த நவுந்துக்க சாமி," என்றாள் மயிலம்மாள், வாளியை உள்ளே விட்டபடி.

ஞானமேரி நகர்ந்து வழி விட்டாள்.