கதவோரத்துச் சூடு

பட்டறை வாசலில் குளிர்சாதன வண்டியை நிறுத்திய ஓட்டுநர் கீழே இறங்கவில்லை. ஸ்டீயரிங்கின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டார். வண்டிக்குள் குழந்தைகளுக்கான தடுப்பூசிப் பெட்டிகள். பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரிக் கிடங்கில் இறக்க வேண்டும்.

“என்ன மாப்ள, தூங்க வேற இடமே கிடைக்கலியா?” என்றபடி மெக்கானிக் வந்தார். ஓட்டுநர் அவருடைய தங்கையின் கணவர்.

“கிண்டல் பண்ணாதீங்க மச்சான். உள்ள ஃபேன் முனகிக்கிட்டே இருந்துச்சு, காலையில நின்னுபோச்சு. தீஞ்ச வாடை வேற. எதையாவது பண்ணி அனுப்பிவிடுங்க. இன்னைக்காவது வீட்டுல போய்ப் படுக்கணும்.”

மெக்கானிக்குக்கும் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. இருந்தாலும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மூடியைக் கழற்றினார். மோட்டார் சுட்டால் உடனே மோட்டாரைக் குறை சொல்லிவிட முடியாது. முதலில் இறக்கையைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். லேசாகச் சுழன்றால் கோளாறு மின்சாரத்தில் இருக்கலாம், இறுகினால் பேரிங்கில். இது அசையவே இல்லை. பேரிங் காய்ந்துபோயிருந்தது. இறுகிய இறக்கையைச் சுற்ற மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும். இழுக்க இழுக்கச் சூடேறும். அளவு மீறினால் மின்சாரத்தை நிறுத்துவதற்கென்றே ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அது ஏன் நிறுத்தவில்லை?

டார்ச் அடித்துப் பார்த்தார். சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு துண்டு வயர் இணைத்திருந்தது. சுவிட்ச் நிறுத்தினாலும் மின்சாரம் அந்த வயர் வழியே ஓடிக்கொண்டே இருக்கும்.

“இந்தப் பாலத்தை யாரு போட்டது?”

“நான்தான். போன வாரம் சும்மா சும்மா கட் ஆச்சு. எல்லா டிரைவரும் பண்றதுதானே?”

“சுடுது, என்னைப் பாருங்கன்னு அது கத்தியிருக்கு. நீங்க வாயில துணிய அடைச்சிருக்கீங்க.”

“போர்டைப் பாருங்க மச்சான், அஞ்சு டிகிரிதான் காட்டுது.”

“காட்டத்தான் செய்யும். அந்த சென்சார் குளிர்க் குழாய்க்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கு. அந்தக் குளிரைப் பெட்டி முழுக்கத் தள்ளுறது ஃபேன்தான். ஃபேன் நின்னா, அந்த மூலை மட்டும் சில்லுனு இருக்கும்.”

கதவோரப் பெட்டிகளுக்கு நடுவே தெர்மாமீட்டரைச் செருகிவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். பதினெட்டு. எட்டைத் தாண்டவே கூடாத மருந்து.

ஓட்டுநர் தெர்மாமீட்டரை உருவினார். “வேற மோட்டார் மாட்டிடுங்க. போறதுக்குள்ள குளிர்ந்துடும்ல?”

“குளிரும். கெட்டுப்போயிருந்தா, மறுபடி நல்லதாகாது. பால்னா திரிஞ்சு காட்டும், மீன்னா நாறும். இது அப்படியே இருக்கும். ஊசி போடுற நர்ஸுக்கும் தெரியாது, புள்ளையத் தூக்கிட்டு வர்ற அம்மாவுக்கும் தெரியாது.”

“அப்ப நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.” நிம்மதியாகத்தான் அதைச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. “சொன்னா என் வேலை போயிடும் மச்சான். உங்க தங்கச்சிக்கு என்ன பதில் சொல்வேன்?”

மெக்கானிக் வண்டியின் படியில் உட்கார்ந்து, கைக்கறையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஓட்டுநர் ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. புத்தம்புதிதாக இருந்தது. அதை மெல்ல வைத்துவிட்டு போனை எடுத்தார்.

“கிடங்கு மேடமா? வண்டி டிரைவர் பேசுறேன். வழியில ஃபேன் நின்னுபோச்சு. கதவுப் பக்கம் பதினெட்டு டிகிரி இருக்கு. சோதிக்காம எதையும் வெளிய அனுப்பிடாதீங்க... ஆமா மேடம், சூடானா நிறுத்துற சுவிட்சை வயர் போட்டு முடக்கினது நான்தான்.”

“என்ன சொன்னாங்க?” என்றார் மெக்கானிக்.

“வண்டி வந்ததும் எல்லாத்தையும் தனியா எடுத்து வைக்கிறாங்களாம். என்னைப் பத்தி மேல கேட்டுச் சொல்றாங்களாம்.” ஓட்டுநர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “அந்த சுவிட்ச் கட் ஆனப்பெல்லாம் எனக்கு எரிச்சலா வந்துச்சு மச்சான். எச்சரிக்கையை அடைச்சுட்டா தொல்லை விட்டுச்சுன்னு நெனச்சேன். ஆபத்து எங்கயும் போகல. என்னை விட்டுட்டு, ஒண்ணுமே தெரியாதவங்க வீட்டுக்கு நடக்க ஆரம்பிச்சிருக்கு.”