உதிரி ஊசிகள்

ஒரே ஒரு திருகாணிதான். துப்பாக்கியின் அடியில், தோட்டாவை ஏற்ற இழுக்கிற லீவரின் பக்கத்தில் இருக்கும் அதைக் கழற்றினால் லீவர் கையோடு வந்துவிடும். அப்புறம் உள்ளே இருக்கும் போல்ட் என்கிற இரும்புத் தண்டைப் பின்பக்கமாக இழுத்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். நாற்பத்தொரு வருஷமாக என் புருஷன் வெர்லின் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்துப் போட்டு இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் நாற்றத்துக்காக அவனோடு சண்டை போட்டிருக்கிறேன். நானாகச் செய்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அவன் முடிவெட்டிக்கொள்ளப் பக்கத்துப் பண்ணைக்காரரோடு ஊருக்குப் போயிருந்தான். போல்ட்டை இழுத்ததும் உள்ளேயிருந்து ஒரு சின்னத் தகடு நழுவி மேசைக்கடியில் விழுந்தது. எதை உடைத்தேனோ என்று பயந்தேன். முழங்காலில் தவழ்ந்து அதைத் தேடி எடுத்தேன். பிறகு ஒரு மெல்லிய ஆணியை வைத்துத் தட்டி, போல்ட்டுக்குள் இருந்த ஊசியை வெளியே எடுத்தேன். தோட்டாவின் அடியில் போய் இடிப்பது அதுதான். சுண்டுவிரல் நீளம் இருக்கும். அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் தடி. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, துப்பாக்கியைக் கதவுக்கு மேலே இருக்கும் கொக்கியில் மாட்டிவிட்டு, ஊசியைத் தையல் பெட்டிக்குள் போட்டேன்.

ஆகஸ்டில் நடந்ததைச் சொன்னால்தான் இது புரியும். எங்கள் மகள் கெண்ட்ரா பில்லிங்ஸ் நகரத்திலிருந்து வந்து காரை விட்டு இறங்கினாள். வெர்லின் துப்பாக்கியோடு வாசற்படியில் நின்றுகொண்டு, யார் நீ, அங்கேயே நில் என்றான். அவள் முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். அதனால்தான் அடையாளம் தெரியவில்லை என்று நான் பிற்பாடு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவள் குரல் அதே குரல்தானே. அப்பா நான்தான், அப்பா நான்தான் என்று அவள் சொல்லச் சொல்ல அவன் துப்பாக்கியை இறக்கவில்லை. நான் சமையலறையிலிருந்து ஓடிவந்து குழலைப் பிடித்துக் கீழே தாழ்த்தினேன். அரை மணி நேரம் கழித்து அவன் அவள் கொண்டுவந்த ஹக்கிள்பெர்ரிப் பழம் அடைத்துச் சுட்ட பலகாரத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று விசாரித்தான். அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

போகும்போது துப்பாக்கியைக் காரில் போட்டுக்கொண்டு போனாள். மூன்று நாள். வைக்கோல் போருக்குள், தானியத் தொட்டிக்குள், மெத்தைக்கு அடியில் என்று தேடினான். சாப்பாட்டைத் தொடவில்லை. ஷெரிஃப் அலுவலகத்துக்கு ஒரு நாளைக்கு ஐந்து தடவை போன் போட்டு, துப்பாக்கியின் எண்ணைப் பிசகில்லாமல் ஒப்பித்தான். தன் மகளின் பெயர் அவனுக்கு வரவில்லை, அந்த எண் வந்தது. நாலாம் நாள் கெண்ட்ராவே அழுதுகொண்டு திருப்பிக் கொண்டுவந்து மாட்டினாள். தோட்டாக்களை ஒளிக்கலாம் என்று பார்த்தேன். கோட்டுப் பையில் எடுத்தால் டிரக் சீட்டுக்கடியில் இருக்கிறது, அங்கே எடுத்தால் ஆணி டப்பாவில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் வீடுகளில் தோட்டா என்பது பொத்தான் மாதிரி, எங்கே கைவிட்டாலும் ஒன்று வரும். அப்போதுதான் ஆஸ்பத்திரி நர்ஸ், ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே, மருந்து சொல்கிற குரலில் சொன்னாள்.

"ஊசியை எடுத்துட்டு, துப்பாக்கிய அது இடத்துலயே விட்டுடுங்க. எங்கப்பாவுக்கும் அப்படித்தான் செஞ்சோம். சாகற வரைக்கும் பக்கத்துலயே வச்சிருந்தாரு. அவருக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

எனக்குக் கிடைத்த நிம்மதி பத்து நாள். பதினோராம் நாள் காலையில், கன்றுக்குட்டிகள் பக்கம் வந்த கொயோட்டி நரியைப் பார்த்துக் குறிவைத்திருக்கிறான். டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நரி அவனை நின்று பார்த்துவிட்டுப் போனதாம். உள்ளே வந்தவன் முகத்தில் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். விருந்தாளி வந்த வீடு மாதிரி களையாக இருந்தது.

"ஆர்லிஸ், ஊசி போச்சுடி. நான்தான் சொன்னேனே, ஒருநாள் போகும்னு. நீ என்னமோ சிரிச்சியே."

சிரித்தது வாஸ்தவம். சிரிக்காமல் என்ன செய்வது? இந்தத் துப்பாக்கிக்காக அவன் சேர்த்து வைத்திருக்கும் உதிரிகள் ஒரு மீன்பிடிச் சாமான் பெட்டி நிறைய இருக்கின்றன. பெட்டியின் ஒவ்வொரு அறையிலும் சின்னப் பிளாஸ்டிக் பை, ஒவ்வொரு பையிலும் அவன் கையெழுத்தில் ஒரு அட்டை. திருகாணிகள், ஸ்ப்ரிங்குகள், தோட்டாவை இழுக்கிற கொக்கி, தள்ளுகிற தகடு. எது சீக்கிரம் தேயும், எது இருபது வருஷம் வரும், எந்த வருஷத்துக்குப் பிறகு செய்தது நம்முடையதில் பொருந்தாது என்றெல்லாம் எழுதியிருப்பான். செத்துப்போன ஒருவரின் சாமான்களை ஏலம் விட்டபோது, குழல் துருப்பிடித்த அதே மாதிரித் துப்பாக்கி ஒன்றை உதிரிக்காகவே வாங்கிவந்தான். அது பட்டறைச் சுவரில் தொங்குகிறது. மற்ற பெண்களின் புருஷன்கள் குடித்தார்கள், என் புருஷன் ஸ்ப்ரிங் வாங்கினான் என்று நானே கிண்டல் பண்ணியிருக்கிறேன். நம் இரண்டு பேருக்கு அப்புறமும் இது ஓட வேண்டும் என்பான். இரண்டு பேரில் யார் முதலில் ஓடாமல் போவோம் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

பெட்டியைத் திறந்தான். அன்று காலையில் சட்டையைப் பின்பக்கம் முன்னால் வரப் போட்டுக்கொண்டவன், என்னை இரண்டு தடவை அம்மா என்று கூப்பிட்டவன், சரியான பையைச் சரியான அறையிலிருந்து எடுத்து, கால் மணி நேரத்தில் புது ஊசியைப் பூட்டிவிட்டான். அந்தத் தகடு அவனிடம் கீழே விழவில்லை. விழும் என்று தெரிந்து கையைக் கீழே வைத்திருந்தான். நான் பாத்திரம் துடைக்கிற துணியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முட்டைக்கோஸ் நறுக்கப் போனேன்.

அன்றைக்கு அவன் மதியத் தூக்கம் போட்டபோது மறுபடியும் எடுத்தேன். நாலு நாள் கழித்து மறுபடியும் பூட்டினான். அவனைப் பொறுத்தவரை ஒவ்வொரு தடவையும் முதல் தடவை. ஒவ்வொரு தடவையும் நான்தான் சொன்னேனே என்று அதே சந்தோஷம். மூன்றாவது தடவை அவன் பூட்டி நான் கழற்றிய பிறகு பெட்டியையே குடைந்தேன். அட்டையில் ஊசி ஐந்து என்று எழுதியிருந்தது. பையில் இருந்தது இரண்டு. அவன் பூட்டி நான் கழற்றியவை மூன்று, முதலில் துப்பாக்கியோடு வந்தது ஒன்று, தையல் பெட்டியில் நாலு இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தேன், ஐந்து இருந்தது. சுவரில் தொங்குகிற ஏலத் துப்பாக்கியின் நினைப்பு வந்து ஓடிப்போய்ப் பிரித்தால், அதில் ஊசியே இல்லை. அதை அவன் எப்போது எடுத்தான்? ஐந்தாவது அதுவா? இல்லை, நானே எப்போதோ எடுத்து மறந்துவிட்டேனா? பையிலிருந்த இரண்டையும் எடுத்து மாவு டப்பாவுக்குள் போட்டேன். இரண்டு நாள் கழித்து ரொட்டிக்கு மாவு எடுத்தபோது ஒன்றுதான் இருந்தது. டப்பா முழுவதையும் சல்லடையில் சலித்தேன். சலித்துக்கொண்டே, இரண்டு போட்டோம் என்பது நிஜமா என்று யோசித்தேன். வெர்லின் எட்டிப் பார்த்து, என்னத்தைத் தொலைத்தாய் என்று கேட்டான். நான் சல்லடையை மறுபடி தட்டினேன்.

"உனக்கு வயசாகுது ஆர்லிஸ். டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டிக்கோ" என்றான், உண்மையான அக்கறையோடு.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த வாரம் முழுக்க நான் என் தலையையே சந்தேகப்பட்டேன்.

வேட்டை சீசன் தொடங்க ஒன்பது நாள் இருக்கும்போது அவன் பெட்டியைச் சரிபார்த்தான். வருஷா வருஷம் செய்வதுதான். காலிப் பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வீட்டுக்குள் திருடன் வருகிறான் என்றான். நான் இல்லை என்றேன். அட்டையைக் காட்டினான், ஐந்து என்று அவன் கையால் எழுதியிருக்கிறது, பை காலி. வைக்கோல் கட்ட வந்த ஆளாக இருக்கும் என்றான். பிறகு, அந்த முடி வெட்டின பெண், கார்க்காரி, அவள்தான் என்றான். தையல் பெட்டியைக் கொண்டுவந்து அவன் முன்னால் கொட்டி, நான்தான் எடுத்தேன், உன்னை நம்பாமல் எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவன் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகம் துளியும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

அன்றிலிருந்து துப்பாக்கி கொக்கிக்குப் போகவில்லை. சமையலறை நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டறையில் போட்டு, பெட்டியைப் பக்கத்தில் வைத்து, துப்பாக்கியை மடியில் வைத்துக் கதவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். படுக்கும்போதும் அது அவன் பக்கத்திலேயே இருந்தது. மாவு டப்பாவிலிருந்து தொலைந்துபோன அந்த ஊசி அதற்குள் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க எனக்கு ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லை. இருந்தால் அது சுடும், இல்லாவிட்டால் தடி. ஊசியை எடுக்காமல் விட்டிருந்தால் அவன் காவல் உட்கார்ந்திருக்கவே மாட்டான் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை கன்றுகளை ஏற்றி அனுப்ப வேண்டும், உதவிக்கு கெண்ட்ரா வருவதாக இருந்தது. வராதே என்று சொல்லப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். மலைப்பாதையில் வருகிறவளுக்கு எங்கே போன் கேட்கும்? வந்ததும் அவள் முதலில் பட்டறைக்குத்தான் போவாள், அப்பாவைப் பார்க்க. மூன்றரை மணிக்குப் பனி தூற ஆரம்பித்தது. காப்பி கலந்து எடுத்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று ஒரு திட்டமும் இல்லை. அவள் வருவதற்குள் அந்தத் துப்பாக்கி என் கைக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

கதவைத் திறந்ததும் குழல் என் பக்கம் திரும்பியது. அதன் வாய் இவ்வளவு சின்னது என்று அதுவரை எனக்குத் தெரியாது. லீவரை அவன் இழுத்து விட்டான், உள்ளே தோட்டா ஏறுகிற சத்தம் கேட்டது. நான் காப்பியை உயர்த்திக் காட்டினேன். அது என் கையில் தளும்பிச் சுட்டது. அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"உள்ள வந்து கதவைச் சாத்துங்க" என்றான். "வெளிச்சம் வெளிய தெரிஞ்சா அவன் உஷாராயிடுவான்."

சாத்தினேன். இன்னொரு நாற்காலி இல்லை. கவிழ்த்துப் போட்ட வாளியைக் காலால் என் பக்கம் தள்ளினான். உட்கார்ந்தேன். காப்பியை வாங்கி இரண்டு வாய் குடித்தான். எத்தனை நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் கேட்கவில்லை, அவனாகவே துப்பாக்கியை எடுத்து என் மடியில் வைத்தான். பழைய கனம், எண்ணெய் நாற்றம். விசையின் மேல் விரல் படாமல் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்ச நேரம் நீங்க பிடிங்க. என் கை நிக்க மாட்டேங்குது. யாரு வந்தாலும் விடாதீங்க. ஆர்லிஸ் வந்தா மட்டும் விடுங்க, அவ என் பொண்டாட்டி. பாவம், அவளுக்கு இப்பல்லாம் எதுவும் ஞாபகம் இருக்கறதில்ல."

"சரி" என்றேன்.

பனி தகரக் கூரையில் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. சரளைக் கல்லில் கார் வருகிற ஓசை கேட்டது. நின்றது. கார்க்கதவு சாத்தப்பட்டது. காலடிகள் நேராகப் பட்டறையை நோக்கி வந்தன. தோட்டாவை வெளியே எடுத்துவிட, நான் சத்தமில்லாமல் லீவரைத் திறக்கப் பார்த்தேன், விரல்கள் மரத்துப் போயிருந்தன. வெர்லின் எழுந்தான். வெறுங்கையோடு, இரண்டு கைகளையும் அகலமாக விரித்துக்கொண்டு, எனக்கும் கதவுக்கும் நடுவில் வந்து நின்றான்.

"பயப்படாதீங்கம்மா" என்றான் திரும்பாமலே. "நான் இருக்கேன்."