தாம்பாளத்தில் கலந்த கிரேடுகள்

தங்க நிறம் என்றால் போதும், மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுவார். விழுப்புரத்தில் புதுச்சேரி சாலையோரம் இரண்டு சி.என்.சி. லேத்துகளோடு பட்டறை நடத்துகிற மனிதர், இரும்பைக் கடையும் இன்செர்ட்டுகளைக்கூட நகைக்கடையில் நிற்பவர் போலத்தான் நிறம் பார்த்து வாங்குவார்.

இன்செர்ட் என்பது கட்டைவிரல் நகத்தளவு கார்பைடு வில்லை. இரும்பைச் சீவுவது அதுதான். சாதா ஸ்டீலுக்கு ஒரு கிரேடு, எவர்சில்வருக்கு ஒன்று, வார்ப்பிரும்புக்கு இன்னொன்று. எந்தக் கிரேடு என்பது டப்பாவில்தான் அச்சிட்டிருக்கும். அவர் வாங்குகிற மலிவுச் சரக்கில் வில்லையின் மேல் ஓர் எழுத்தும் இருக்காது.

இந்த ஆயுத பூஜைக்கு அவருக்குப் பக்தி கொஞ்சம் அதிகமாகவே பொங்கிவிட்டது. டப்பாவுக்குள் இருந்தால் சாமிக்கு எப்படித் தெரியும் என்று அத்தனை வில்லைகளையும் தாம்பாளத்தில் கொட்டி, எண்ணெய் போகக் கழுவி, சந்தனம் தெளித்துப் படைத்தார். மறுநாள் அள்ளிப் போட்டபோது பொன்னிறமெல்லாம் ஒரு டப்பா, கறுப்பெல்லாம் ஒரு டப்பா. கறுப்பில் எவர்சில்வருக்கானதும் இருந்தது, வார்ப்பிரும்புக்கானதும் இருந்தது. மிச்ச டப்பாக்கள் குப்பைக்குப் போயின. சாமி என்ன நினைத்ததோ தெரியாது, அம்சாவுக்கு வயிறு எரிந்தது.

அம்சா அங்கே ஆறு வருஷமாக மெஷின் செட் பண்ணுகிறவள். செய்வது செட்டர் வேலை, பதிவேட்டில் ஹெல்பர். பம்ப் கம்பெனிக்கான இருபது எவர்சில்வர் ஷாஃப்ட் சாம்பிள் பாஸ் ஆனால் அவளைச் செட்டர் ஆக்குவதாக மாசிலாமணி சாமி படத்துக்கு முன்னால் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் கண்டமங்கலத்திலிருந்து தினமும் முதல் பஸ் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாம்பிள் நாளன்று கம்பெனி இன்ஜினியர் முஆத் வந்து மெஷின் பக்கத்தில் நின்றார்.

"அம்சா, நயம் சரக்காப் போடு. தங்கத்துல போடு," என்றார் மாசிலாமணி.

"மொதலாளி, அது சாதா ஸ்டீலுக்குங்க. எவர்சில்வர்ல ஒட்டிக்கினு பிச்சுடுங்க."

"வந்தவங்க முன்னாடி கறுப்பப் போட்டா நம்ம மானம் இன்னா ஆவறது? ஜல்தி போடு!"

போட்டாள். மெஷின் கிறீச்சிட்டது. முனையில் எவர்சில்வர் அப்பிக்கொள்ள, ஷாஃப்ட் கேப்பை அடை போலச் சொரசொரத்தது. முஆத் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கா என்னக் கூப்டீங்க?" என்று கேட்டார். மாசிலாமணி கரண்டைக் குறை சொன்னார். வோல்டேஜ் சரியில்லையாம்.

அம்சா கறுப்பு டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு வில்லையின் முனையையும் தன் கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுத்துப் பார்த்தாள். மழுங்கலாக வழுக்கினால் வார்ப்பிரும்புக்கானது. நகத்தை மெலிசாகச் சீவினால் எவர்சில்வருக்கானது. ஆறு கிடைத்ததும் நிறுத்தினாள். சாயங்காலத்துக்குள் இருபது ஷாஃப்ட்டும் முகம் தெரிகிற பளபளப்பில் இறங்கின. அந்த ஆறு வில்லைகளும் முனை தேய்ந்து ஓய்ந்தன.

"பாஸ்," என்று சொல்லி முஆத் படிவத்தை நீட்டினார். "செட்டர் பேர் எழுதுங்க."

அம்சா கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். மாசிலாமணி பேனாவை வாங்கி, கோபி என்று எழுதினார். கோபி அவர் மனைவியின் தம்பி. திண்டிவனத்தில் இரண்டு நாள் பயிற்சி முடித்து, சான்றிதழை பிரேம் போட்டு மாட்டியிருப்பவன். அன்றைக்கு அவன் பார்த்த வேலை எல்லாருக்கும் டீ வாங்கி வந்தது.

முஆத் போனதும் விளக்கம் வேறு. "தப்பா நெனச்சுக்காத அம்சா. பொம்பள பேர எழுதினா கம்பெனிக்காரன் யோசிப்பான். எல்லாம் பூஜையோட மகிமை, பாஸாயிடுச்சு பாரு."

அந்தத் தாம்பாளத்தை அவர் தலையில் கவிழ்க்கலாம் போல் இருந்தது அவளுக்கு. அடக்கிக்கொண்டு, "மீதியப் பிரிச்சு வெக்கணுங்க," என்றாள்.

"அது செட்டர் வேல. கோபி பாத்துப்பான்."

திங்கட்கிழமை முந்நூறு ஷாஃப்ட்டுக்கு ஆர்டர் வந்தது. முதல் பீஸைப் பார்க்க முஆத்தும் வந்தார். கோபி கறுப்பு டப்பாவைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். ஒன்றை முகர்ந்தும் பார்த்தான். பிறகு, ஓரமாக உட்கார்ந்து பிசிறு தேய்த்துக்கொண்டிருந்த அம்சாவிடம் குனிந்து, "அக்கா, எவர்சில்வருக்கு எது?" என்று கிசுகிசுத்தான். பின்னால் நின்று மாசிலாமணி கண்ணாலேயே கெஞ்சினார்.

அம்சா அரத்தை நிறுத்தவில்லை. முஆத்துக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"என்னக் கேட்டா எப்படி தம்பி? நான் ஹெல்பர். படிவத்துல எழுதியிருக்கற செட்டரக் கேளு."