முக்கால் உறுப்பினர்

நூலக மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிற புகைப்படக் கழகத்தில் உறுப்பினர்கள் இருபத்தாறு பேர். இருபத்தைந்து பேர் முழு உறுப்பினர்கள். மிச்சம் ஒருவர் இணை உறுப்பினர். ஊரில் படம் எடுத்தே பிழைப்பு நடத்துகிற ஒரே ஆள் அவர்தான் என்பதால், படம் எடுக்கத் தெரிந்தவர்கள் வரிசையில் கழகம் அவரைச் சேர்ப்பதில்லை. கடைத்தெருவில் அவர் ஸ்டூடியோக்காரர். மாடி ஏறிவிட்டால் "பாஸ்போர்ட்".

இணை உறுப்பினராகச் சேர்ந்தவர் மூன்று வருஷத்துக்குள் மாதப் போட்டிகளில் மூன்று முறையாவது நடுவரின் ஏற்பு முத்திரையை வாங்கிவிட வேண்டும். வாங்கினால் முழு உறுப்பினர். வருஷக் கண்காட்சியில் நூலகத்தின் கீழ்த்தளச் சுவரில் படம் மாட்டலாம். வாங்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள், மறுபடி சேர முடியாது. ஸ்டூடியோக்காரர் முப்பத்தைந்து போட்டிகளில் கலந்துகொண்டு இரண்டு முத்திரை வாங்கியிருந்தார். முப்பத்தாறாவதுதான் கடைசி. தலைப்பு, மழை.

அந்தச் சுவரில் மூன்று வருஷமாகத் தொங்கிய படங்கள் அத்தனையும் அவர் கடையில் அச்சானவை. லென்ஸ் தூசி வானத்தில் பொட்டு வைத்திருந்தால் துடைத்துவிடுவார். தொடுவானம் சாய்ந்திருந்தால் நிமிர்த்துவார். அவர் மனைவியின் அண்ணன் கொக்கைத் தவிர வேறெதையும் எடுப்பதில்லை. கழகத்தில் அவருக்குப் பெயரே கொக்கு. அந்தக் கொக்குகள் கடைக்குள் வரும்போது படகில் நிற்பது போல ஒரு பக்கம் சரிந்துதான் வரும். திரும்பும்போது நேராகப் போகும்.

"மச்சான், லேசா நிமிர்த்தியிருக்கேன்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"கொக்கு தானா நின்னுது, மாப்ள" என்றார் மச்சான்.

தன் படங்களில் கோளாறு எங்கே என்று ஸ்டூடியோக்காரருக்கே தெரியும். பதினெட்டு வருஷமாக மனிதர்களை நடுவில் உட்காரவைத்து, தோள் இரண்டும் சமமாக, காது இரண்டும் தெரிகிற மாதிரி எடுத்து எடுத்துக் கண் அப்படியே படிந்துவிட்டது. ஒருமுறை மலையைப் படம் எடுத்துக்கொண்டு போனார். கழகத் தலைவர் ஒரு பல் டாக்டர். எந்தப் படத்தையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"மலைக்கு ரெண்டு காதும் தெரியுதேப்பா."

அந்த மாதச் செய்தி மடலில் செயலாளர் இதைத் தலைவரின் கருத்துரை என்று கட்டம் கட்டிப் போட்டார்.

கடைசிப் போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம், ஒரு வெல்டர் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தார். வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை தலைநகரத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். குடை இல்லாமல் ஓடி வந்தவர் கடை வாசலில் நின்று இரண்டு கையாலும் முகத்தை வழித்துவிட்டுத் தெருவைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் தெரு முழுக்க மழை. ஸ்டூடியோக்காரர் கையில் கேமரா இருந்தது. அழுத்தினார். ஒரே ஒரு படம். திரையில் பார்த்தால் வெல்டர் நடுவில் இல்லை. ஒரு காதுதான் தெரிந்தது.

"அண்ணே, இந்தப் படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பிக்கலாமா?"

"என் மூஞ்சியையா? அனுப்புங்க. பார்த்துட்டு யாராவது பயந்தா என்கிட்ட வரக்கூடாது."

அப்புறம் துண்டு கொடுத்துத் தலையைத் துவட்டச் சொல்லி, ஸ்டூலில் உட்காரவைத்து, முறைப்படி இன்னொன்று எடுத்தார். முடி மட்டும் காயாமல் நெற்றியில் ஒட்டிக்கொண்டே இருந்தது. சட்டைத் தோள்களும் ஈரம்தான்.

மாதப் போட்டிக்கு ஆறுக்கு நாலு அங்குலப் படம் போதும். நூலகத்தின் அறிவிப்புப் பலகை அவ்வளவுதான் தாங்கும். எட்டு பாஸ்போர்ட் படங்களை வரிசைக்கு நாலாக அச்சடிக்கிற தாளும் அதே ஆறுக்கு நாலு. ஸ்டூடியோக்காரர் மழைப் படத்தைப் பழுப்புக் கவரில் போட்டு, படத்தின் தலைப்பாக "வெல்டர்" என்று மேலே எழுதினார். கணினியில் பின்னணியை வெள்ளையாக்கும் வேலை அவர் மனைவியுடையது. அவள் எட்டுப் பிரதிகளை இன்னொரு பழுப்புக் கவரில் போட்டாள். வந்தவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டதால் அவளும் "வெல்டர்" என்றே எழுதினாள்.

சனிக்கிழமை வெல்டர் கவர் வாங்க வந்தபோது ஸ்டூடியோக்காரர் உள்ளே ஒரு கைக்குழந்தையைக் கேமராவைப் பார்க்கவைக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மனைவி கைக்கு வந்த கவரை எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம் நூலகம் மூடுகிற நேரம் ஆகிவிட்டது. அவர் மிச்சமிருந்த கவரின் பின்பக்கம் தன் எண்ணைக் கிறுக்கி, ஒட்டி, ஓட்டமாக ஓடிப் போட்டிப் பெட்டியில் போட்டார்.

ஞாயிறு காலை கூட்டம் தொடங்கியது. நடுவராக வெளியூரிலிருந்து ஓர் ஓவிய ஆசிரியர் வந்திருந்தார். செயலாளர் ஒவ்வொரு கவராகப் பிரித்து நீட்ட, அவர் பார்த்துவிட்டு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வைத்தார். பெரும்பாலும் அந்தப் பக்கம்தான், தள்ளுபடிப் பக்கம்.

"எண் இருபத்தாறு. தலைப்பு, வெல்டர்" என்று செயலாளர் கவரைக் கிழித்தார். உள்ளே இருந்ததை உருவி ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார். வெள்ளைப் பின்னணியில் எட்டு வெல்டர்கள், பதினாறு காதுகளோடு சபையைப் பார்த்தார்கள்.

சிரிப்பில் நாற்காலிகள் ஆடின.

"மாப்ள, கடைக்கு விளம்பரமா?" என்றார் மச்சான்.

கவர் மாறிப்போச்சு என்று சொல்ல ஸ்டூடியோக்காரர் எழுந்தார். நடுவர் கையைக் காட்டி உட்காரவைத்தார்.

"காலைலேர்ந்து பதினஞ்சு குடை பார்த்துட்டேன். இலையில சொட்டற தண்ணி ஒன்பது. இதுல குடை இல்ல, சொட்டு இல்ல, மழையே இல்ல. நனைஞ்ச மனுஷன் மட்டும் இருக்கான். அதுவும் ஆபீஸ்ல கேட்ட மாதிரி ஒழுங்கா உட்கார்ந்திருக்கான். என்ன அவசரமோ பாவம், தலை காயறதுக்குக்கூட நேரமில்ல."

தாளைத் திருப்பிப் போட்டு முத்திரையை அழுத்தினார்.

சிரித்தவர்கள் அதே மூச்சில் கை தட்டினார்கள். "மூணாவது முத்திரை!" என்றார் செயலாளர். தலைவர் முன்னால் வந்து ஸ்டூடியோக்காரரின் தோளைப் பிடித்தார். "சொல்லுப்பா. எப்படித் தோணிச்சு?"

இந்தக் கேள்விக்கு அவர் மூன்று வருஷமாகப் பதில் தயாராக வைத்திருந்தார், குளிக்கும்போது சொல்லியும் பார்த்திருக்கிறார். வாய் தானாகத் திறந்தது. "அது வந்து... மழைங்கறது வெளியில மட்டும் இல்லன்னு..."

"இங்க பாஸ்போர்ட்டுன்னு ஒருத்தர் இருக்காராமே?"

வாசலில் தோள்பையோடு வெல்டர் நின்றார். மூச்சு வாங்கியது. கையில் பழுப்புக் கவர்.

"அண்ணே! கடை பூட்டியிருக்கு, போனும் எடுக்க மாட்டேங்கறீங்க. பக்கத்துக் கடைல இங்க போய் பாஸ்போர்ட்டுன்னு கேக்கச் சொன்னாங்க. என் கவர்ல ஏதோ கலைப்படம் இருக்கு! பதினொன்றரைக்குப் பஸ்!"

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து. பஸ் நிலையம் நூலகத்துக்குப் பின்தெருவில். கடையோ ஊரின் அந்தக் கோடியில். போய்த் திறந்து, கணினி கண் விழித்து, பிரிண்டர் சூடாகி... நடக்காது.

நடுவர் கை நீட்டி அந்தக் கவரை வாங்கினார். மழைப் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். ஸ்டூடியோக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்ல படம்" என்றார் நடுவர். "ஆனா இதுல மழை இருக்கு. இது இன்னைக்கு அந்தப் பக்கம்தான் போயிருக்கும். முத்திரை அந்த எட்டுக்குத்தான்."

"கவர் மாறினாலும் நம்ம ஆள் எடுத்த படம்தானே" என்று தலைவர் நயமாகச் சொன்னார். "முத்திரை செல்லும். ஆனா ஒண்ணு. முத்திரை விழுந்த படம் கழகத்துச் சொத்து. விதி ஒன்பது. அதை யாரும் தொட முடியாது."

"அப்போ நான் எதை ஒட்டறது?" என்றார் வெல்டர். "உங்க விதியையா?"

மச்சான் பக்கத்தில் வந்து காதோடு சொன்னார். "மாப்ள, அவசரப்படாத. அவருக்கு அங்க போய் வேற எடுத்துக்கத் தெரியாதா? வெட்டினேன்னா மூணு வருஷம் குப்பைல."

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வரிசைல நிக்கணும், சார். அந்நேரத்துக்கு எந்த ஸ்டூடியோவும் திறந்திருக்காது" என்றார் வெல்டர். அவருக்குக் காது நல்ல கூர்மை.

ஸ்டூடியோக்காரர் முத்திரையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். நீல மை இன்னும் சரியாகக் காயவில்லை. கீழே இறங்கி நூலகரின் மேஜையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்தார்.

"எனக்கு ஒண்ணும் தோணலைங்க" என்றார் தலைவரிடம். "இது இவர் எடுக்கச் சொல்லி எடுத்த படம். எத்தனை வேணும், அண்ணே?"

"ரெண்டு."

கோடு போடாமல், அளவுகோல் வைக்காமல், வலது ஓரத்திலிருந்த இரண்டையும் வெட்டி எடுத்தார். மயிரிழை பிசகவில்லை. வெல்டர் இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நடுவர் கையிலிருந்த மழைப் படத்தையும் உரிமையோடு உருவிக்கொண்டு, படியில் தடதடவென்று இறங்கிப் போனார்.

பிறகு கழகம் விவாதித்தது. சிதைந்த படம் ஏற்கப்பட்ட படமாகுமா என்று தலைவர் கேட்டார். விதியில் "படம்" என்று இருக்கிறதே ஒழிய "தாள்" என்று இல்லை, ஆறு படங்களுக்குச் சேதமில்லை என்றார் நடுவர். ஆறும் ஒரே படம்தானே என்றார் ஒருவர். அப்படியானால் போன இரண்டும் போகவே இல்லை என்றார் இன்னொருவர். மச்சான் மட்டும் மாப்பிள்ளை வெட்டிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவில் செயலாளர் தீர்மானம் எழுதினார். எட்டில் ஆறு முக்கால். ஆகவே எண் இருபத்தாறு இன்றுமுதல் முக்கால் உறுப்பினர். கண்காட்சியில் ஒரு படம் மாட்டலாம். இந்தப் படத்தைத்தான் மாட்டலாம்.

இரண்டு மாதம் கழித்துக் கண்காட்சி திறந்தது. இருபத்தைந்து பெரிய படங்களுக்கு நடுவில் ஓரம் வெட்டுப்பட்ட சின்னத் தாள் சட்டம் போட்டுத் தொங்கியது. பாதிப் பேர் அதை அறிவிப்பு என்று நினைத்துத் தாண்டிப் போனார்கள். ஸ்டூடியோக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு அதன் பக்கத்திலேயே, யாருக்கோ காத்திருக்கிறவர் போல நின்றார்.

மூன்றாம் நாள் ஒரு பெண் வந்தாள். மற்ற எதையும் பார்க்கவில்லை. நேராக வந்து இந்தப் படத்தின் முன்னால் நின்றாள். ஆறு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், ஏதாவது ஒன்று மாறியிருக்கும் என்பது போல.

"எங்க வீட்டுக்காரர்" என்றாள். "போன வாரம்தான் கிளம்பிப் போனார்."

"நல்லா இருக்காரா?"

"வேலை கஷ்டமாம். சாப்பாடு ஒத்துக்கலையாம்." வெட்டுப்பட்ட ஓரத்தைக் காட்டினாள். "இந்த ரெண்டுலதான் போனாரா?"

"ஆமாம்மா."

"எனக்கு ஒண்ணு குடுங்களேன்."

"கடைக்கு வாங்க, புதுசாவே போட்டுத் தரேன்."

"புதுசு வேண்டாங்க. இதுலேர்ந்தே வேணும்."

ஸ்டூடியோக்காரர் அறையின் கோடியைப் பார்த்தார். செயலாளர் விதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொன்று போனால் மிச்சம் எட்டில் ஐந்து. மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார்: அரையே அரைக்கால் உறுப்பினர். மடலில் அச்சடித்தால் நீளமாகத்தான் இருக்கும்.

சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கத்தரிக்கோல் கேட்க நூலகர் மேஜைக்கு நடந்தார்.