பார்க்காத பத்துப் படங்கள்

இருசம்மாள் தன் வாழ்நாளில் தியேட்டரில் உட்கார்ந்து ஒரு படம்கூட முழுசாகப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள், தனக்குப் பிடித்த பத்துப் படங்களின் இசையைப் பற்றிப் பேசச் சிதம்பரத்துக்குக் கிளம்பினாள் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? பெற்ற மகன் ராஜவேலே சிரித்தான். குருடன் யானையைத் தடவின கதையாக இருக்கிறது, படித்தவர்கள் நடுவில் போய் மானத்தை வாங்காதே என்றான். தடவினவனுக்காவது யானைத் தோல் சொரசொரப்பு என்று தெரியும், தூர நின்று பார்த்தவனுக்கு என்ன தெரியும் என்று திருப்பிக் கேட்டுவிட்டு அவள் புடவைக் கொசுவத்தைச் சொருகிக்கொண்டாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கடலூரில் இருந்த ஒரு தியேட்டரின் சைக்கிள் ஸ்டாண்டில் இருபத்திரண்டு வருஷம் டோக்கன் கிழித்தவள் அவள். ஸ்டாண்டின் தகரக் கொட்டகை தியேட்டரின் பின்சுவரை ஒட்டி இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் திரை, திரைக்குப் பின்னால் ஆளுயர ஸ்பீக்கர்கள். வசனம் சுவரைத் தாண்டுவதற்குள் கூழாகிவிடும். யார் யாரைத் திட்டுகிறார்கள், யார் யாரிடம் கெஞ்சுகிறார்கள், ஒன்றும் பிடிபடாது. இசை மட்டும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை வழியாகவும் செங்கல் வழியாகவும் சேதாரமில்லாமல் வந்து சேரும். ஒரு நாளைக்கு நாலு ஆட்டம். ஐம்பது நாள் ஓடின படமென்றால் இருநூறு தடவை. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போன எந்த மகராசன் இருநூறு தடவை கேட்டான்?

உள்ளே போய்ப் பார்க்க அவளை யாரும் தடுக்கவில்லை. படம் ஓட்டுகிற ஆபரேட்டர் ராபர்ட் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார். ஒரே ஒருநாள் ஆசைப்பட்டுக் கால் மணி நேரம் உள்ளே போய் நின்றாள். வெளியே வந்தால் ஒரு புதுச் சைக்கிளைக் காணோம். அன்றோடு அந்த ஆசையைத் தலைமுழுகினாள். படம் ஓடும்போது வண்டியைக் காக்க வேண்டும், படம் விட்டால் வண்டியை எடுத்துக் கொடுக்க வேண்டும். இதில் படம் பார்க்க ஏது நேரம்?

படங்களின் பெயரும் அவளுக்கு அவ்வளவாகத் தங்காது. ரயில் படம், தாலாட்டுப் படம், ஓடாத படம் என்று காதில் விழுந்ததை வைத்துத் தானே பெயர் சூட்டிக்கொண்டாள். இன்னொரு சொல்லும் அவளிடம் இருந்தது. ராபர்ட் பீடி பிடிக்க ஸ்டாண்டுப் பக்கம் வரும்போதெல்லாம், இந்தப் படத்தில் ஆர்.ஆர். பிரமாதம், போன படத்தில் ஆர்.ஆர். சுமார் என்பார். காட்சிகளுக்குப் பின்னால் வாசிக்கிற இசையை ரீ-ரெக்கார்டிங் என்றும், சுருக்கி ஆர்.ஆர். என்றும் சொல்வது சினிமாக்காரர் வழக்கம். இருசம்மாள் காதில் அது 'ஆராரோ' என்று விழுந்தது. பாட்டில்லாத இடத்தில் வாசிக்கிறதுக்கெல்லாம் ஆராரோ என்று பெயர் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள். அதிலிருந்து சண்டைக்கு வாசித்தாலும் ஆராரோ, சாவுக்கு வாசித்தாலும் ஆராரோ.

தியேட்டர் போய் அந்த இடத்தில் ஜவுளிக்கடை வந்தது. அதற்காக அவள் ஒப்பாரி வைக்கவில்லை. திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டூவீலர் ஸ்டாண்டில் அதே டோக்கன் வேலைக்குப் போனாள். அங்கே தினமும் காலையில் ஸ்கூட்டியை விட்டுவிட்டுச் சிதம்பரம் பஸ் பிடிப்பவள் காயத்ரி. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். ஒருநாள் அவள் போன் அடித்தது. இருசம்மாள் டோக்கனை நீட்டிக்கொண்டே, இது ரயில் படத்தில் இடைவேளைக்கு முன்னால் வருகிற ஆராரோ ஆச்சே, கடைசியில் ஒரு வயலின் நிற்குமே, அதை ஏன் வெட்டிவிட்டார்கள் என்று கேட்டாள். காயத்ரி அன்றைக்கு பஸ்ஸைக் கோட்டைவிட்டாள்.

சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு திரையிசை ரசிகர்கள் கூடுவார்கள். மாதத்துக்கு ஒருவர் தனக்குப் பிடித்த பத்துப் படங்களின் இசையை எடுத்து வைத்து, அவற்றை ஏன் கேட்க வேண்டும் என்று பேச வேண்டும். இந்த மாதத்துக்குக் காயத்ரி இருசம்மாள் பெயரைக் கொடுத்துவிட்டாள். இருசம்மாளும் பத்து டோக்கன்களின் பின்பக்கம் பத்துப் படங்களின் பெயரை எழுதிக்கொண்டாள், எல்லாம் அவள் வைத்த பெயர்கள்தான். அவள் முணுமுணுத்துக் காட்டியதை வைத்துக் காயத்ரி அந்தப் படங்களைக் கண்டுபிடித்து இசையைப் போனில் ஏற்றிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷமும் அவள் சைக்கிள் காத்தாள் என்றுதான் ஊருக்குத் தெரியும். அந்த இருபத்திரண்டு வருஷமும் அவள் இசை கேட்டாள் என்பது ஒருத்தருக்கும் தெரியாது. அதை நாலு பேர் முன்னால் ஒருமுறை சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் கண்ணை மூடக்கூடாது. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

வம்பு மண்டபத்து வாசலிலேயே காத்திருந்தது. கூட்டத்தின் தலைவர் சுப்பராயலு ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வீடு நிறைய இசைத்தட்டு வைத்திருப்பவர். மரியாதையான மனுஷர். அதுதான் தொல்லை, மரியாதையாகவே கழுத்தை அறுப்பார். இந்தப் படங்களை எந்தத் தியேட்டரில் பார்த்தீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டார். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்று அவள் சொன்னதும் முகம் சுருங்கிப்போனது. காயத்ரியைத் தனியே கூப்பிட்டார். தனியே என்றால் நாலடி தள்ளி. சுவர் வழியாகக் கேட்டுப் பழகினவளுக்கு நாலடியெல்லாம் ஒரு தூரமா? பின்னணி இசை காட்சிக்காகவே அமைக்கப்படுவது, காட்சியைப் பார்க்காதவர் அதைப் பற்றி எப்படிப் பேசுவது, அந்தம்மா மேடையில் உட்காரட்டும், பொன்னாடை போர்த்திவிடுவோம், குறிப்பை நீங்கள் வாசித்துவிடுங்கள் என்று அவர் சொன்னது அத்தனையும் இருசம்மாளுக்குக் கேட்டது.

சுருக்கென்று தைத்தது. அடுத்த நிமிஷம் கோபம் வந்தது. நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"பொன்னாட வேணாங்க. பேசத்தான் வந்தேன், பேசிட்டுப் போறேன்."

அவர் சிரித்த முகத்தோடு, கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று ஆரம்பித்தார்.

"அதுல கண்ணத்தான் மொதல்ல பொய்யின்னு சொல்லி வச்சிருக்காங்க," என்றாள் இருசம்மாள். "காது ரெண்டாவதுதான்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதற்குமேல் தடுத்தால் நன்றாக இருக்காது. பதினைந்து நிமிஷம், மணி அடித்ததும் நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லிச் சுப்பராயலு வழிவிட்டார்.

நாற்பது பேர் இருப்பார்கள். இருசம்மாள் பத்து டோக்கன்களையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள். முதல் டோக்கனை எடுத்து, இது ரயில் படத்து ஆராரோ என்றாள். முன்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். சுப்பராயலு எழுந்து, அது ஆராரோ இல்லை, ஆர்.ஆர்., ரீ-ரெக்கார்டிங் என்று பக்குவமாகத் திருத்தினார். இருசம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருஷம் ராபர்ட் சொன்னது வேறு, தான் கேட்டது வேறு. காது மடல் சூடேறியது, வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக் கீழே இறங்கவா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தாள்? உங்களுக்கு ஆர்.ஆர். என்றால் எனக்கு ஆராரோ என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

காயத்ரி தன் போனை ஸ்பீக்கரில் மாட்டி அந்த இடத்தைப் போட்டாள். ஒரே ஒரு வயலின் ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டே இருந்தது. யாரோ யாருக்காகவோ காத்திருக்கிறார்கள் என்றாள் இருசம்மாள். ரயில் சத்தம் வந்ததும் வேறு படமாக இருந்தால் நாற்பது வயலினும் ஓடிவரும். இதில் இருக்கிற ஒன்றும் நின்றுவிடுகிறது. ரொம்ப நாள் காத்திருந்தது கண்ணெதிரே வந்துவிட்டால் முதலில் மனசு மரத்துத்தானே போகும், அந்த மரத்துப்போனதை வாசிக்காமலே வாசித்துக் காட்டியிருக்கிறார்கள், அதற்காகக் கேட்க வேண்டும் என்றாள். அந்த இடத்தில் டோக்கன் எண்ணுவதை நிறுத்திவிடுவாளாம். இருநூறு தடவையும் நிறுத்தினாளாம். கூட்டத்தில் களுக்குச் சத்தம் அடங்கிவிட்டது.

இரண்டாவது, ஓடாத படம். நாலே நாள்தான் இருந்தது. கடைசி ஆட்டத்துக்கு ஸ்டாண்டில் பதினொரு சைக்கிள், அதில் ஒன்று ராபர்ட்டுடையது. அந்தப் படத்தில் கடல் வருகிற இடம் ஒன்று. கடலென்றால் எல்லோரும் அலை அடிப்பதை வாசிப்பார்கள். தேவனாம்பட்டினத்துக் கரையில் நின்றால் அலை வருவதற்கு முன்னால் காலடி மண்ணைத் தண்ணீர் உள்ளே இழுக்குமே, இந்தப் படத்துக்கு இசை போட்டவர் அந்த இழுப்பை மட்டும் வாசித்திருந்தார். அலை கடைசிவரை வரவே வராது. தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவளுக்கு உள்ளங்கால் கூசியது. ஓடாத படத்து இசையை எதற்குக் கேட்க வேண்டும் என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"படந்தாங்க ஓடல. அதுக்கு வாசிச்சவங்க ஒண்ணும் கம்மியா வாசிக்கல," என்றாள்.

சுப்பராயலு மணி அடித்தார். இருசம்மாள் மூன்றாவது டோக்கனை எடுத்தாள். அவர் இன்னொரு தடவை அடித்தார்.

"தியேட்டருல மணி அடிச்சாத்தாங்க படமே ஆரம்பிக்கும்," என்றாள் அவள். கூட்டம் கைதட்டியது. அவர் மணியை மேசையில் வைத்தார்.

மூன்றாவது, தாலாட்டுப் படம். இதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. முதலில் ஒரு புல்லாங்குழல் பிள்ளையைத் தூங்க வைக்கும். பிறகு ஒரே மேளமும் கூச்சலும், பிள்ளை வளர்ந்து கெட்டுப்போய்விட்டான் போலிருக்கிறது. கடைசியில் மேளமெல்லாம் சட்டென்று ஓய்ந்து, அதே புல்லாங்குழல் அதே மெட்டை இன்னும் மெதுவாக வாசிக்கும். கடைசி ஆராரோவைக் கேட்டாயா, அழுகையை அடக்க முடியவில்லை என்று ராபர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கெட்டுப்போன பிள்ளை வீடு திரும்பி அம்மா மடியில் தூங்குகிறான் என்று இருசம்மாள் புரிந்துகொண்டாள். அந்தப் படம் ஓடிய சமயத்தில் ராஜவேல் அவளோடு சண்டை போட்டுக்கொண்டு திருப்பூருக்குப் போய் ஒன்றரை வருஷம் ஒரு போன்கூடப் பண்ணாமல் இருந்தான். படம் இருந்தவரை ஒரு நாளைக்கு நாலு வேளை அந்தக் குழல்தான் அவளுக்கு, வந்துவிடுவான், வந்துவிடுவான் என்று சொன்னது. அது சொன்னபடியே அவனும் வந்தான். காயத்ரி அந்தக் கடைசி ஆராரோவைப் போட்டாள்.

சுப்பராயலு எழுந்தார். அவருக்குப் பொறுக்கவில்லை, பாவம், தப்பைக் கண்டால் திருத்தியே பழகின மனுஷர்.

"அம்மா, அந்தக் கடைசிக் காட்சியில மகன் தூங்கலைங்க. சந்தையில வச்சி அவன வெட்டிடறாங்க. செத்துப் போறான்."

மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. இருசம்மாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றரை வருஷம் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்த நம்பிக்கையை ஒரே வாக்கியத்தில் பிடுங்கிப் போட்டுவிட்டாரே. தன் ஆராரோவும் தப்பு, தன் கதையும் தப்பு. அப்படியென்றால் இருபத்திரண்டு வருஷமும் தப்பா? காயத்ரி கலங்கிப்போய் ஸ்பீக்கரை அணைக்கப் போனாள். இருசம்மாள் அவளைக் கையமர்த்தினாள்.

"அது ஓடட்டும். சாவும்போது அந்தப் புள்ள எங்க கெடந்தான், அதச் சொல்லு."

காயத்ரி ஸ்பீக்கரிலிருந்து கையை எடுத்தாள். "அவுங்கம்மா ஓடி வருவாங்கம்மா. தூக்கி மடியில போட்டுக்குவாங்க. மடியிலதான் உசுரு போவும்."

இருசம்மாள் நிமிர்ந்து சுப்பராயலுவைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"கத்திய நீங்க பாத்தீங்க. மடிய நான் கேட்டேன். வாசிச்சவரு எதுக்கு வாசிச்சாருன்னு இப்ப நீங்களே சொல்லுங்க, கத்திக்கா, மடிக்கா?"

அந்தப் படத்தைப் பதினொரு தடவை பார்த்தவர் சுப்பராயலு. ஸ்பீக்கரில் புல்லாங்குழல் தாலாட்டின் கடைசி அடிக்கு வந்துகொண்டிருந்தது. அவர் அது முடியும்வரை நின்ற இடத்திலேயே நின்று கேட்டார். முடிந்த பிறகும் நின்றார்.

இருசம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாலாவது டோக்கனை எடுத்தாள்.

"இன்னும் ஏழு படம் கெடக்குது. உக்காருங்க," என்றாள்.

அவர் உட்கார்ந்தார்.