கழிக்க வேண்டிய குப்பி

மனித குலம் கண்டுபிடித்த வெட்டி வேலைகளில் தலையாயது, கடல் தண்ணீரில் பாக்டீரியா எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று அளப்பதுதான். இந்த முடிவைத் தம்பி, அக்காவின் கல்யாணத்தன்றே மாப்பிள்ளை வீட்டாருக்கு அறிவித்தான். "கிருமிக்குக் குடிக்கணக்கு எடுக்கிறவங்க. பாத்து நடந்துக்குங்க." அக்காதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

இன்று காலை அந்த வேலைக்கு நடுவில் சாய்ந்தவள் எழவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வர நேரமாகும் என்றார்கள். கூடத்து நாற்காலிகளை இழுத்துப் போட்டு, திரும்பவும் இழுத்துக்கொண்டிருந்த தம்பியை அத்தான் பார்த்தார்.

"டேய், போய் அவ கைப்பையையாவது எடுத்துட்டு வா."

ஆய்வுக்கூடத்தில் அக்காவின் தோழி ஒரு தண்ணீர்த்தொட்டி முன் நின்று அழுதுகொண்டிருந்தாள். தொட்டியில், கடலின் அதே சூட்டில், சில குப்பிகள்.

"காலைல அவ கலந்து வெச்சது. இப்பவே ஃபார்மலின் விட்டுக் கிருமியைக் கொன்னு நிறுத்தணும். இல்லேன்னா ஒரு வருஷமா மாசாமாசம் எடுத்த அளவுல கடைசி மாசம் போச்சு. எனக்குக் கண்ணீர்ல அளவுக்கோடே தெரிய மாட்டேங்குது."

"என்னத்தக் கலந்தா?"

"டி.என்.ஏ. கட்டுற செங்கல்னு வெச்சுக்குங்க. அடையாளம் போட்டது. கிருமி பெருகும்போது அதை எடுத்துக்கும். எவ்வளவு எடுத்துச்சோ அவ்வளவு வளர்ச்சி."

"குடுங்க."

கையுறை மாட்டி, ஒவ்வொரு குப்பியாக ஃபார்மலினை விட்டான். தோழி மூக்கை உறிஞ்சியபடி அதட்டினாள். "மெதுவா! தீயா அணைக்கிறீங்க?"

கடைசிக் குப்பிக்குப் போன கையைத் தடுத்தாள். "அதுக்கு வேணாம். அதுல ஆரம்பத்துலயே ஃபார்மலின் விட்டுட்டா. அது செத்த குப்பி."

"செத்ததை எதுக்கு அளக்குறீங்க?"

"செத்ததுலயும் அந்தச் செங்கல் கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கும். அதைக் கழிச்சாத்தான் உயிரோட இருந்தது எவ்வளவுன்னு தெரியும்."

நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டான்.

போன் அடித்தது. "எங்கடா இருக்க? கொண்டுவந்துட்டாங்க."

"வர்றேன் அத்தான். கொஞ்சம் வேலை."

"உனக்கு அங்க என்னடா வேலை?"

போனை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"நிறுத்தியாச்சுல்ல, இனி கெடாது. வடிகட்டுறதை நாளைக்கு நான் பாத்துக்கறேன். நீங்க கிளம்புங்க" என்றாள் தோழி.

"வடிதாள் எங்க இருக்கு?"

காட்டினாள். ஒவ்வொன்றாக ஊற்றினான். செத்த குப்பியைக் கடைசியில் எடுத்தான். தண்ணீர் முழுதும் இறங்கிய பிறகும் குப்பியைக் கவிழ்த்தபடியே பிடித்து, விளிம்பில் தொங்கிய சொட்டு விழட்டும் என்று அசையாமல் நின்றான்.